முத்துக்கனியின் விரல் உறங்கிய ஊர்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கதவோரம் இருப்பவளுக்கும் காது கேட்க வேண்டாமா? இன்றைக்குக் கடல் தாண்டிப் போன ஒரு குடும்பத்தின் கதை சொல்கிறேன். இதில் ராஜாவும் கிடையாது, பேயும் கிடையாது. ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்குப் பத்து விரல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த விரல்கள் லேசுப்பட்ட போக்கிரிகள் இல்லை. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

தோவாளையில் முத்துக்கனி, முத்துக்கனி என்று ஒருத்தி இருந்தாள். நாடு சுதந்திரமாகி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த சமயம். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்து கிடந்தது. முத்துக்கனிக்குப் பூக்கட்டு வேலை. சந்தையில் பிச்சிப்பூ வந்து குவியும்போதே அவள் மடியில் வாழைநார் தயாராக இருக்கும். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பேசிக்கொண்டே கட்டுவாள், சண்டை போட்டுக்கொண்டும் கட்டுவாள். கோபத்தில் கட்டிய மாலைதான் நெருக்கமாக இருக்கிறது என்று கண்டுபிடித்த வியாபாரிகள், கல்யாண மாதங்களில் வேண்டுமென்றே அவளைச் சீண்டிவிட்டுப் போவார்கள்.

அவள் புருஷன் சுடலையாண்டி, பூக்கூடைகளை பஸ்ஸில் ஏற்றி நாகர்கோவில் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவன். ஒரே மகள் பகவதி. பதினாலு வயது, வாய் மட்டும் நாற்பது வயது.

சங்கடம் என்னவென்றால், முத்துக்கனியின் விரல்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. பூ தீர்ந்தாலும் அவை ஓய்வதில்லை. கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்கும்போது, முன்னால் நிற்பவளின் முந்தானை நூலை எடுத்து முடிச்சுப் போட்டுவிடும். தூக்கத்திலும் அப்படித்தான். ஒரு நாள் காலையில் சுடலையாண்டி படுக்கையை விட்டு எழுந்தால், பாயும் கூடவே எழுந்து வந்தது. துண்டின் குஞ்சம், வேட்டிக் கரை நூல், பாயின் கோரை எல்லாம் சேர்த்து, கட்டென்றால் அப்படியொரு கட்டு.

"ஏட்டி, என்ன எளவுட்டி இது? என்னைய எந்தச் சாமிக்குச் சாத்தப் போற?"

"அசங்காம நில்லுங்க. அறுத்துப் போடாதீங்கோ, நல்ல கட்டாக்கும்" என்றாள் முத்துக்கனி, பாதிக் கண் திறந்து.

பகவதிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனது. ஆனால் அந்த வாரமே சிரிப்பு நின்றது. முத்துக்கனியின் வலது கையிலிருந்து தண்ணீர்ச் செம்பு தானாக நழுவி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கட்டை மாதிரி மரத்துக் கிடந்தன.

பூதப்பாண்டியில் ஒரு வைத்தியர் இருந்தார். அவர் ஒரு முள்ளை எடுத்து விரல் நுனியில் வைத்து அழுத்தினார்.

"குத்துகது தெரியுதா?"

"யாரை?" என்று கேட்டாள் முத்துக்கனி.

வைத்தியர் முள்ளைக் கீழே வைத்துவிட்டார். "இஞ்ச பாரு மக்களே. நரம்பு வேலை செஞ்சு வேலை செஞ்சு சோந்து போச்சு. எண்ணெய் தாறேன், பூசு. ஆனா எண்ணெய் மட்டும் கேக்காது. கை சும்மா கெடக்கணும். நாரைத் தொடவே படாது. தொட்டியோ, இந்த ரெண்டு வெரலும் பட்ட குச்சிதான். பெறவு கஞ்சிகூட ஒனக்கு வேற ஆளு ஊட்டணும்."

அந்தக் கடைசி வார்த்தை முத்துக்கனியின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. யாரிடமும் கை நீட்டாதவள் அவள். வேறொருத்தர் கையால் கஞ்சி குடிப்பதா? இனிமேல் நாரைத் தொடமாட்டேன் என்று அங்கேயே தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் இடது கையால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சத்தியம் செஞ்சல்லா?" என்றான் சுடலையாண்டி.

"வலது கையைத்தானே தலையில வச்சேன்" என்றாள் அவள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தோவாளையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் பூ. மூக்கைப் பொத்தினாலும் வாசம் வரும், கண்ணை மூடினால் மடியில் யாராவது ஒரு குவியலைக் கொட்டிவிட்டு, "முத்துக்கனி, அவசரம்" என்று சொல்லிப் போய்விடுவார்கள். சுடலையாண்டி நாலு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். ஐந்தாம் நாள் மனைவியிடம் வந்தான்.

"ஒங்க அண்ணாச்சி வீட்டுக்குப் போவோம்."

"சிலோனுக்கா?"

"ஆமா, மாத்தளைக்கு. குடும்பத்தோட வந்து நாலு மாசம் இருந்துட்டுப் போங்கன்னு அத்தான் எத்தன வருசமா கூப்பிடுகாரு. அங்க பூச்சந்தை உண்டான்னு கேட்டு எழுதுனேன். இல்லியாம். அதான் போவோம்ங்கேன்."

முத்துக்கனியின் அண்ணன் ஐயப்பன் இளவட்டமாக இருக்கும்போதே இலங்கைக்குப் போனவன். மாத்தளையில் பாத்திரக்கடை வைத்திருந்தான். அவனே அங்கிருந்து அனுமதிச் சீட்டெல்லாம் எழுதி வாங்கி அனுப்பிவைத்தான்.

அண்ணன் வீட்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போவாளா? முத்துக்கனி ஒரு பெரிய தகர டப்பா நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டு அடுக்கினாள். அடுக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டாள்.

ஆரல்வாய்மொழிக் காற்று முகத்தில் அறைய அறைய பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயில் மாறி ரயில் ஏறி தனுஷ்கோடி. கப்பல் ஏறும் முன் சுங்கச் சோதனை. அதிகாரி தகர டப்பாவைத் திறக்கச் சொன்னார். மேல் வரிசையில் முந்திரிக்கொத்து. நடு வரிசையிலும் முந்திரிக்கொத்து. அடியில் கை விட்டவர், சுருள் சுருளாக எதையோ வெளியே இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"என்னம்மா இது?"

சுடலையாண்டி பார்த்தான். காய்ந்த வாழைநார். அவன் முகம் கறுத்தது.

"எங்க ஊர்ல பலகாரம் கெடாம இருக்கதுக்கு அடியில நார் போடுவோம் சார்" என்றாள் முத்துக்கனி, கண் இமைக்காமல்.

"எந்த ஊரு?"

"எங்க ஊருதான் சார்" என்றாள் பகவதி, அம்மாவுக்கு முட்டுக் கொடுத்து.

அதிகாரி ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தார். இரண்டாவதையும் கடித்தார். "கெடலதான்" என்று சொல்லி டப்பாவை மூடிக் கொடுத்தார்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் சுடலையாண்டி செய்த முதல் வேலை, அந்த நாரை எடுத்துக் கடலில் வீசியதுதான். முத்துக்கனி "ஐயோ, ஐயோ" என்று பெரிதாகப் புலம்பினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த முந்தானைக்குக் கீழே, இடுப்பைச் சுற்றி, அரைஞாண் மாதிரி இன்னொரு நார்ச் சுருள் பத்திரமாக இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும், வெளியே சொல்லாதீர்கள்.

கடலில் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. காற்று அடித்தது. பகவதி கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். முத்துக்கனி அலை நுரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னட்டி அப்படிப் பாக்க?" என்றான் சுடலையாண்டி, கோபம் கொஞ்சம் இறங்கி.

"இத்தன பிச்சி கொட்டிக் கெடக்கு. அள்ளுகதுக்கு ஒரு ஆளு இல்லியே."

மாத்தளை மலையும் மரமுமான ஊர். வெயிலில் நின்றாலும் குளிர் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஐயப்பன் ரயிலடிக்கே வந்து தங்கையின் தலையைத் தடவிக் கூட்டிப் போனான். வீட்டு வாசலில் அவன் மனைவி ராஜமணி நின்றாள். நல்ல மனசு, பெரிய குரல். முற்றத்தில் செடிகள் ஏராளம். நந்தியாவட்டை, செம்பருத்தி, மல்லிகை. ஆனால் ஒன்றிலாவது ஒரு பூ, ஒரு மொட்டு கிடையாது.

முத்துக்கனி நின்று பார்த்தாள். "மைனி, இந்தச் செடிக்கெல்லாம் மொட்டை அடிச்சு நேர்ச்சையா?"

"பூச்சி அரிச்சுட்டுட்டி" என்றாள் ராஜமணி. அவள் விரல் நுனியில் இன்னும் மகரந்தம் ஒட்டியிருந்தது.

"ஓ. பூச்சி வளையல் போட்டிருக்குமோ?"

அன்று முதல் முத்துக்கனிக்கு ராஜ உபசாரம். உட்காரு என்றார்கள், சாப்பிடு என்றார்கள், உறங்கு என்றார்கள். அம்மிப் பக்கம் போனால் ராஜமணி வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். துடைப்பத்தைத் தொட்டால் பகவதி பிடுங்கிக்கொண்டாள். சாயங்காலம் அண்ணன் கடையடைத்து வந்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலையைக் காட்டினான், ஆற்றைக் காட்டினான். முத்துக்கனி எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே விரல்கள் காற்றில் இரண்டு பூவை எடுத்து, இரண்டு பூவை வைத்து, ஒரு சுற்று, ஒரு இழுப்பு.

பிறகு வீட்டில் விநோதங்கள் தொடங்கின. பச்சை மிளகாய்க் கூடையைத் திறந்தால் மிளகாய் எல்லாம் சரமாக இருந்தது. கறிவேப்பிலை மாலையாகத் தொங்கியது. ஒரு மதியம் ஐயப்பன் சாம்பாரில் அகப்பையை விட்டுத் தூக்கினான். அகப்பையோடு ஒரு முருங்கைக்காய் வந்தது. அதன் பின்னால் ஒரு கத்தரிக்காய். அதன் பின்னால் இன்னொரு முருங்கைக்காய். வரிசை முடிவதாக இல்லை.

"மாப்பிள்ளை, சாம்பாருக்கு யாரு கல்யாணம் பண்ணி வச்சது?" என்று கேட்டான் ஐயப்பன்.

"அடுப்புக்குப் போறதுக்கு முந்தி நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றாள் முத்துக்கனி, கீழே பார்த்துக்கொண்டு.

நார் எங்கிருந்து வருகிறது என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். ராஜமணி அரிசிப் பானைக்குள் கை விட்டுப் பார்த்தாள். சுடலையாண்டி தன் தலையணையையே பிரித்துப் பார்த்தான். அவள் இடுப்பைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் ஒரு நாள், ஆள் இல்லாத நேரத்தில், முத்துக்கனி பின்வாசல் படியில் உட்கார்ந்து தன் வலது பெருவிரலைக் கிள்ளிப் பார்த்தாள். தெரியவில்லை. நகத்தை ஊன்றி இன்னும் பலமாகக் கிள்ளினாள். தோல் சிவந்தது, வலி வரவில்லை. வைத்தியர் சொன்ன பட்ட குச்சி ஞாபகம் வந்தது. சுடலையாண்டி வந்து பார்த்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. இந்தத் தடவை நடிப்பில்லை.

"நிறுத்தணும்னுதான் நெனைக்கேன்" என்றாள். "நெசமாட்டும் நெனைக்கேன். வெரலு கேக்க மாட்டுக்கு. நீங்க அடிச்சாலும் கேக்க மாட்டுக்கு."

சுடலையாண்டி பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவன் மடியில் இருந்தபடியே அது அவன் துண்டின் குஞ்சத்தைத் தேடியது.

அடுத்த வீட்டில் சீலவதி என்று ஒரு சிங்களத்துப் பெண். ராஜமணிக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ராத்திரி பகல் பாராமல் கூட இருந்தவள். தமிழ் பேசுவாள், அது அவள் வைத்த வரிசையில் வரும். அவள் ஒரு நாள் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள்.

"நாளைக்கு போயா. முழு நிலா. பன்சலைக்கு நாங்க போறது. நீங்களும் வாறது, எல்லாரும்."

ராஜமணியின் பார்வை முத்துக்கனியின் விரல்களுக்குப் போனது. போயா என்றால் அவர்களுக்கு நோன்பு நாள். பன்சலை என்றால் புத்தர் கோயில். அங்கே பூ எவ்வளவு குவியும் என்று ராஜமணிக்குத் தெரியும். ஆனால் சீலவதி கூப்பிட்டு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலமே வீட்டில் மந்திராலோசனை நடந்தது. முத்துக்கனிக்கு வலப்பக்கம் சுடலையாண்டி, இடப்பக்கம் பகவதி, பின்னால் ராஜமணி. ஒரு நொடி கண்ணை எடுக்கக் கூடாது.

பன்சலை ஒரு சின்னக் குன்றின் மேல் இருந்தது. வெள்ளை உடுத்த பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தட்டு. தாமரை, நீல அல்லி, நடுவில் மஞ்சள் வழியும் ஐந்திதழ் வெள்ளைப் பூ, மல்லிகை. முதலில் பிரசங்கம் கேட்டுவிட்டுப் பிறகுதான் பூ வைப்பது. அதனால் தட்டுகளை அரசமரத்தடியில் நீளமான ஒரு கல் மேடையில் வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

முத்துக்கனி அந்த மேடையைக் கடந்து போனாள். கடந்து போகும்போது ஒரு தட்டைப் பார்த்தாள். காம்பு இல்லை. எல்லாப் பூவுக்கும் காம்பைக் கழுத்தோடு கிள்ளிப் போட்டிருந்தார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. பாவம், இவ்வளவு பூ வைத்துக்கொண்டு கட்டத் தெரியவில்லையே இந்தச் சனங்களுக்கு. சாமிக்குப் போய் நெல்லைக் கொட்டுகிற மாதிரியா கொட்டுவது? சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இல்லையா இந்த ஊரில்?

மண்டபத்தில் வயசான பிக்கு ஒருவர் விசிறியைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பேச்சு சிங்களம். சுடலையாண்டிக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் குரல் தாலாட்டு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் தாடை நெஞ்சில் முட்டியது. பகவதி சுவரிலிருந்த சித்திரங்களில் ஒரு யானையைப் பார்த்து, அதற்குப் பின்னால் இன்னொரு யானையைப் பார்த்து, எழுந்தே போய்விட்டாள். ராஜமணி மட்டும் காவல். ஆனால் சுற்றி எல்லோரும் கண்ணை மூடி இருக்கும்போது தான் மட்டும் திறந்து வைத்திருந்தால் மரியாதையாக இருக்குமா என்று அவளும் மூடினாள். மரியாதைதான் அவளைக் கெடுத்தது.

முத்துக்கனி பூனை மாதிரி நகர்ந்து அரசமரத்தடிக்கு வந்தாள். இடுப்பிலிருந்து நாரை உருவினாள். பக்கத்துத் தொட்டியில் நனைத்துக்கொண்டாள். காம்பில்லாத பூவை அவள் பிறந்ததிலிருந்து கட்டியதில்லை. கழுத்தைப் பிடித்துக் கட்டிப் பார்த்தாள். நின்றது. அவ்வளவுதான், விரல்களுக்கு வெறி பிடித்துவிட்டது. முதல் தட்டு தீர்ந்தது, அடுத்த தட்டு தீர்ந்தது. யாருடையது எவருடையது என்று பார்க்கவில்லை. மல்லிகை ஒரு வரி, வெள்ளைப் பூ ஒரு வரி, நடுநடுவே நீல அல்லி. மேடையில் இருந்த தட்டெல்லாம் காலியானபோது, கல்லின் மேல் மலைப்பாம்பு மாதிரி ஒரு மாலை சுருண்டு கிடந்தது. முத்துக்கனி நிமிர்ந்து பெருமையாக மூச்சு விட்டாள்.

உள்ளே "சாது, சாது, சாது" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். பிரசங்கம் முடிந்தது. பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். காலித் தட்டைப் பார்த்தார்கள், மாலையைப் பார்த்தார்கள், முத்துக்கனியைப் பார்த்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜமணி ஓடிவந்தாள். தலையில் கை வைத்தாள். "ஏட்டி பாவி! இங்க மாலை சாத்த மாட்டாவட்டி! உதிரியாத்தான் வைப்பாவ. அவவ கொண்டு வந்த பூவை அவவ கையால!"

"உதிரியாவா? சாமிக்கா?" முத்துக்கனி மாலையைத் திரும்பிப் பார்த்தாள். "கட்டத் தெரியாம இருக்காவன்னுல்லா மைனி நெனச்சேன்!"

வெள்ளைச் சேலை உடுத்த ஒரு கிழவி மாலையின் ஓரத்தைத் தொட்டு ஏதோ கேட்டாள். சீலவதி தமிழில் சொன்னாள்: "அவங்கட பூ எது கேக்கிறது."

யாருக்குத் தெரியும்? இன்னொருத்தி நடுவில் இருக்கும் நீல அல்லி தன்னுடையது என்றாள். பக்கத்தில் நின்றவள், இல்லை, அது தன் குளத்து அல்லி என்றாள். மல்லிகைக்கு நாலு பேர் உரிமை கொண்டாடினார்கள். மண்டப வாசலில் வந்து நின்ற பிக்கு விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். கோபம் என்றுதான் ராஜமணி நினைத்தாள். ஆனால் விசிறி குலுங்கிக்கொண்டிருந்தது.

சீலவதிதான் வழி சொன்னாள். முத்துக்கனியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மாலையின் ஒரு நுனியை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "அவிழ்க்கிறது. போயா நாள்தானே. இருட்டும் வரைக்கும் யாருக்கும் வேலை இல்லை."

முத்துக்கனி தன் வாழ்நாளில் ஆயிரமாயிரம் மாலை கட்டியிருக்கிறாள். ஒன்றைக்கூட அவிழ்த்ததில்லை. வேகமாக இழுத்தாள். பூவின் கழுத்து முறிந்தது. கிழவி "ஆ" என்றாள். மறுபடி இழுத்தாள், இன்னொன்று முறிந்தது. அவிழ்ப்பதில் அவசரம் செல்லாது என்று அப்போதுதான் அவள் கண்டாள். விரல்களுக்கு இந்த வேலை பழக்கமில்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கண்டுபிடித்துத் தளர்த்த வேண்டும். பிறகு பூவைக் காயப்படுத்தாமல் எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தது. இதுவரைக்கும் குதித்து ஓடிக்கொண்டிருந்த விரல்கள், தெரியாத ஊரில் வழி கேட்டு நடக்கிறவர்களைப் போலத் தயங்கித் தயங்கி நடந்தன.

மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். மாலை நீளமாகையால் அரசமரத்தைச் சுற்றி ஒரு வரிசையே உட்கார இடமிருந்தது. ஆளுக்கு ஒரு முழம் மடியில் கிடந்தது. அல்லிக்குச் சண்டை போட்டவர்கள் அருகருகே உட்கார்ந்து, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி மெல்லிய குரலில் பாராயணம் சொன்னாள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அரச இலைகள் மேலே சலசலத்தன. முத்துக்கனி ஒரு பூவை அவிழ்த்தாள். இன்னொரு பூவை அவிழ்த்தாள். அடுத்த முடிச்சைத் தொட்டபடியே இருந்தாள்.

மண்டபத்தில் சுடலையாண்டிக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் மனைவி இல்லை. பதறி வெளியே வந்தான். மரத்தடியில் வெள்ளைச் சேலைகளுக்கு நடுவே முத்துக்கனி, சீலவதியின் தோளில் தலை சாய்ந்து கிடந்தாள். மடியில் மாலை. அதன் மேல் இரண்டு கைகள். சுடலையாண்டி அந்தக் கைகளைக் குனிந்து பார்த்தான். விரல்கள் அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, பகலிலும் ராத்திரியிலும், அந்த விரல்கள் அசையாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை.

"ஐயோ!" என்று அலறினான். "ஐயோ மக்களே, ஒங்க அம்மை போயிட்டாளே! கடல் கடந்து கொண்டு வந்து பறிகுடுத்துட்டேனே!"

"உஸ்ஸ்ஸ்!" என்றது வெள்ளைச் சேலைக் கூட்டம் மொத்தமும். அதற்குச் சிங்களம் தமிழ் என்று இரண்டு இல்லை.

பகவதி ஓடிவந்து அம்மாவின் மூக்கடியில் விரல் வைத்தாள். அந்த நேரத்தில் முத்துக்கனி, அரசமரத்துக் காக்கை ஒன்று பறக்கும்படியாக, ஒரு குறட்டை விட்டாள்.

"அப்பா, செத்தவங்க இப்படிச் சத்தம் போடுவாங்களா?" என்றாள் பகவதி.

சுடலையாண்டி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரித்ததா அழுததா என்று அவனுக்கே பிடிபடவில்லை. சத்தம் போடாமல் மனைவியின் காலடியில் உட்கார்ந்தான். அவள் விட்ட இடத்திலிருந்து அந்தக் கிழவி மிச்ச முடிச்சுகளை அவிழ்த்தாள். மடியிலிருந்து மாலையை இழுக்கும்போது தூக்கம் கலையக் கூடாதென்று, ஒவ்வொரு பூவாக, குழந்தை வாயிலிருந்து பால் சங்கை எடுப்பதுபோல எடுத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முத்துக்கனி கண் விழித்தாள். எல்லோரும் பூவை வைத்துக் கும்பிட்டு முடித்திருந்தார்கள். அவளுக்கென்று ஒரு தட்டில் கொஞ்சம் மல்லிகை மீதி இருந்தது.

"எவ்வளவு நேரமாச்சு?" என்றாள்.

"நீ நல்லா கேளு" என்றாள் ராஜமணி. "நான் ஒம்மேல கோபமா இருக்கேன். வீட்டுக்கு வா, வச்சிருக்கேன் ஒனக்கு." ஆனால் சொல்லும்போதே அவள் தன் முந்தானையால் முத்துக்கனியின் கன்னத்திலிருந்த எச்சில் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உதிரி மல்லிகையை முத்துக்கனி இரண்டு கையாலும் அள்ளிக் கொண்டுபோய் வைத்தாள். கட்டாத பூவை இறக்கி வைக்கும்போது தோளிலிருந்து ஏதோ ஒரு சுமையும் கூடவே இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு.

அன்றைக்கு ராத்திரியும் உறங்கினாள். மறுநாள் மதியமும் உறங்கினாள். இவ்வளவு காலத்துத் தூக்கமும் எங்கோ வரிசையில் காத்து நின்று, இப்போதுதான் ஒவ்வொன்றாக உள்ளே வந்தது போல. விழித்திருக்கும்போது சீலவதியோடு வேலியோரம் உட்கார்ந்து, இவள் பிச்சி என்க, அவள் சிங்களத்தில் பிச்ச என்க, இரண்டு பேரும் அதற்கே சிரிப்பார்கள். முற்றத்துச் செடிகளில் பூ வர விட்டார்கள். முத்துக்கனி அதைப் பார்த்தாள், பறிக்கவில்லை. குடும்பமாக ரயிலேறிப் போய் ஒரு அருவியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுடலையாண்டிக்குத் தொப்பை விழுந்தது. பகவதி சிங்களத்தில் திட்டக் கற்றுக்கொண்டாள்.

மழை பெய்த ஒரு காலையில் ராஜமணி தேயிலைத் தண்ணீரை ஆற்றாமல் கொண்டுவந்து நீட்டினாள். முத்துக்கனி வலது கையால் வாங்கினாள்.

"ஐயோ! சுடுதே!"

"அடி, மன்னிச்சுக்கோட்டி, ஆத்தித் தாறேன்" என்று ராஜமணி கை நீட்டினாள்.

முத்துக்கனி கொடுக்கவில்லை. டம்ளரைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துள்ளித் துள்ளி முற்றத்தைச் சுற்றினாள். "சுடுது மைனி! நல்லா சுடுது! இஞ்சேருங்கோ, வந்து பாருங்கோ, எனக்குச் சுடுது!"

பாத்திரக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஐயப்பன், சட்டை போடாமலே ஓடிவந்தான். சூடு பட்டதற்கு ஒரு வீடே கூடி நின்று சந்தோஷப்பட்டதை வேலிக்கு அப்பால் சீலவதி பார்த்துவிட்டு, இந்தத் தமிழ் ஆட்களுக்கு என்ன ஆயிற்றோ என்று கன்னத்தில் கை வைத்தாள். விஷயம் தெரிந்ததும் அவளும் ஒரு டம்ளர் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தோவாளைக்குத் திரும்பி வந்தபின் முத்துக்கனி பூக்கட்டாமல் இருக்கவில்லை. இருப்பாளா? காலையில் கட்டினாள். ஆனால் மதியச் சோறு உண்டதும் பாயை விரித்துவிடுவாள். கல்யாண வீட்டு அவசரமென்று வியாபாரிகள் வந்து வாசலில் நின்றால், சுடலையாண்டி கதவை ஒருக்களித்து நின்று பதில் சொல்வான்.

"முத்துக்கனி இருக்காளா?"

"இல்ல. சிலோனுக்குப் போயிருக்கா."

"காலையிலதானே பாத்தேன்! எப்பம் வருவா?"

"நாலு மணிக்கு வந்துருவா. கப்பல்ல ஏறியாச்சு, குறட்டை கேக்குல்லா?"

கேட்டீர்களா, கண்ணுகளா? சரி, எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், அடுப்பருகே நிற்பவள் ஒரு பொழுதாவது அமர்ந்து உண்ணட்டும். உழைக்கிற கைகளுக்கெல்லாம் உணர்வு மங்காமல், உறக்கம் தவறாமல் வந்து சேரட்டும். தூரத்தில் இருக்கும் உறவின் வாசல் உங்களுக்கு எப்போதும் திறந்தே கிடக்கட்டும். போன இடத்தில் பூவாக இருங்கள், வந்த இடத்தில் வாசமாக இருங்கள். உங்கள் குடியும் குலமும் நல்லா இருக்கட்டும்.